தொற்றுநோய் அலையை ஒரு ஷீட்டில் போட்டுப் பார்ப்பது எப்படி? எழுவதிலிருந்து அடங்கும் வரை முழுமையான வழிகாட்டி

2020 கோடையில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, சென்னையில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "உச்சம் எப்போ?" மாலையில் சுகாதாரத்துறை அறிக்கை வரும், மண்டலவாரியாக எண்கள் வரும், கூடவே வாட்ஸ்அப்பில் யாரோ வரைந்த வளைகோடு ஒன்றும் வரும். அதில் ஒரு தேதி குறித்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தத் தேதி பொய்த்துப்போகும். உடனே "இந்தக் கணக்கெல்லாம் சும்மா" என்று முடிவுகட்டிவிடுவோம்.

என் கட்சி வேறு. இந்தக் கணக்குக்குத் தேதி சொல்ல வராது. எந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் அலை எவ்வளவு தாழும் என்று கேட்டால் பிரமாதமாகச் சொல்லும். அதை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்ஸெல், பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் பொறுமை போதும். பின்பகுதியில் மடக்கை ஒரு இடத்தில் எட்டிப்பார்க்கும். அதையும் ஷீட்டே போட்டுக் கொடுத்துவிடும்.

முதல் படி: ஊரை மூன்றாகப் பிரியுங்கள்

1,00,000 பேர் வாழும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். பெரம்பூர் என்று வைத்துக்கொண்டாலும் சரி, வேளச்சேரி என்று வைத்துக்கொண்டாலும் சரி, எண்கள் கற்பனைதான். அங்கே இருப்பவர்களை மூன்று பத்தியில் போடுங்கள்: இன்னும் தொற்றாதோர், இப்போது தொற்றியோர், விலகியோர். குணமானவரும் இறந்தவரும் மூன்றாவது பத்தியில் ஒன்றாகத்தான் வருவார்கள். கேட்க நெஞ்சு உறுத்தும். ஆனால் கணக்குக்குத் தேவையான செய்தி ஒன்றுதான், இவர்கள் இனி யாருக்கும் பரப்பமாட்டார்கள்.

இந்தப் பிரிவினையை 1927-இல் எடின்பரோவிலிருந்து முறைப்படி எழுதிக் கொடுத்தவர்கள் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர். மெக்கென்ட்ரிக் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். கெர்மாக் வேதியியலாளர், 1924-இல் ஆய்வகத்தில் நடந்த விபத்தில் பார்வையை இழந்தவர். பார்வை போன பிறகு அவர் கூட்டாகச் செய்த வேலைதான் இன்றுவரை எல்லாத் தொற்றுநோய்க் கணக்குக்கும் அடித்தளம்.

இரண்டாவது படி: ஒரு நாளை இன்னொரு நாளாக்குங்கள்

இரண்டு எண்கள் வேண்டும். முதலாவது பீட்டா. தொற்றிய ஒருவர், சுற்றிலும் யாருக்குமே இன்னும் தொற்றாத நிலையில், ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்பது அது. நாம் 0.4 என்று வைப்போம். இரண்டாவது காமா, அதாவது தொற்றியோரில் ஒரு நாளைக்கு எத்தனை பங்கு பேர் விலகுகிறார்கள் என்பது. ஒருவர் சராசரியாக 5 நாள் பரப்புவார் என்றால் காமா 1/5, அதாவது 0.2. இரண்டையும் ஷீட்டின் மேல்பகுதியில் தனிக் கட்டங்களில் எழுதி, சூத்திரங்களை அந்தக் கட்டங்களோடு இணையுங்கள். பிறகு திருகப்போவது இவற்றைத்தான்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை. சூத்திரம் இரண்டே இரண்டு:

புதிய தொற்று = பீட்டா × தொற்றாதோர் × தொற்றியோர் ÷ மொத்த மக்கள்
புதிதாக விலகுவோர் = காமா × தொற்றியோர்

0-ஆம் நாள்: தொற்றாதோர் 99,990, தொற்றியோர் 10, விலகியோர் 0. அடுத்த வரிசையில் புதிய தொற்று 4, விலகுவோர் 2. ஆக 1-ஆம் நாள் தொற்றியோர் 12. அதற்கடுத்த நாள் 14.4. பின்னத்தைப் பார்த்துப் பதறி முழு எண்ணாக்கிவிடாதீர்கள். இவை சராசரிகள், தொடக்கத்திலேயே முழு எண்ணாக்கினால் பிழை பின்னால் பெருகிவிடும். இந்த வரிசையை 150 நாள் வரை கீழே இழுத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப்போல் 1.2 மடங்கு. அதாவது 3.8 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு. 10-ஆம் நாள் தொற்றியோர் 62 பேர். லட்சம் பேரில் 62 என்றால் யார் கவலைப்படுவார்கள்? 30-ஆம் நாள் சுமார் 2,200. 40-ஆம் நாள் சுமார் 9,500. "திடீர்னு ஏறிடுச்சு" என்று செய்தியில் சொல்வார்கள். ஷீட்டில் திடீரென்று எதுவும் நடக்கவில்லை, 10-ஆம் நாளிலும் 20-ஆம் நாளிலும் ஓடியது அதே 1.2 மடங்குதான்.

மூன்றாவது படி: உச்சத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

தொற்றியோர் பத்தியை வரைபடமாக்குங்கள். 46-ஆம் நாள் வாக்கில் புதிய தொற்று சுமார் 3,600-ஐத் தொட்டு இறங்கத் தொடங்கும். தொற்றியோர் எண்ணிக்கை 49-ஆம் நாள் சுமார் 16,100 வரை போய்த் திரும்பும். இப்போது அதே வரிசையில் தொற்றாதோர் எத்தனை பேர் என்று பாருங்கள். 50,000-க்குச் சற்றுக் கீழே இருக்கும். இது தற்செயல் கிடையாது.

பீட்டாவைக் காமாவால் வகுத்தால் 0.4 ÷ 0.2 = 2. ஒரு நோயாளி, யாருக்குமே தொற்றாத ஊரில், மொத்தத்தில் எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்பதே இந்த எண். பாடப்புத்தகங்களில் அடிப்படை இனப்பெருக்க எண், பேச்சில் ஆர்-நாட். ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே தொற்றி விலகிவிட்டால், அவர் சந்திக்கும் இருவரில் ஒருவருக்கு ஒன்றும் ஆகாது. அப்போது ஒருவர் ஒருவருக்குத்தான் கொடுப்பார். அந்தக் கட்டத்தில்தான் வளர்ச்சி நிற்கிறது. அடுக்ககத்தில் ஒரு வம்புச்செய்தி பரவுவது மாதிரிதான். தொடக்கத்தில் "கேள்விப்பட்டீங்களா?" என்றால் எல்லோரும் காதைத் தீட்டுவார்கள். நாளாக ஆக "தெரியுமே" என்பவர்கள் பெருகி, சொல்ல ஆள் கிடைக்காமல் செய்தி ஓய்ந்துவிடும். சொல்பவரின் ஆர்வம் குறையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அலை இறங்குகிறது என்பதாலேயே கிருமி பலவீனமாகிவிட்டது என்று பொருளில்லை.

பொதுவாகச் சொன்னால், தொற்றாதோரின் பங்கு 1 ÷ ஆர்-நாட் என்ற அளவுக்கு இறங்கும்போது அலை திரும்பும். தட்டம்மைக்கு ஆர்-நாட் வழக்கமாக 12 முதல் 18 வரை சொல்லப்படுகிறது. அதனால்தான் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்காவது தடுப்பூசி போய்ச் சேரவேண்டும் என்று விடாப்பிடியாக இருக்கிறார்கள்.

இனி பலரும் கோட்டைவிடும் இடம். பாதிப் பேருக்குத் தொற்றியதும் உச்சம் வந்துவிட்டது, சரி. அதோடு நின்றுவிடுமா? நிற்காது. உச்ச நாளில் 16,000 பேர் இன்னும் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள், ஆனாலும் கொடுக்கிறார்கள். ஷீட்டின் கடைசி வரிசைக்குப் போனால் தொற்றாமல் தப்பியவர்கள் சுமார் 20,000 பேர்தான் இருப்பார்கள். 50 சதவீதத்தில் திரும்பிய அலை 80 சதவீதத்தில்தான் ஓய்கிறது. "கூட்டு எதிர்ப்பாற்றல் வரட்டும், அதுவரை விட்டுவிடலாம்" என்று 2020-இல் பேசியவர்கள் இந்த 30 சதவீதத்தைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அதே ஷீட்டில் இன்னொன்றும் தெரியும். எல்லோருக்கும் தொற்றித்தான் அலை ஓயும் என்பதும் தவறு. தப்பிய 20,000 பேரிடம் தனி எதிர்ப்புச்சக்தி எதுவும் இல்லை. அவர்கள் வரை வந்துசேருமுன் சங்கிலிகள் அறுந்துவிட்டன, அவ்வளவுதான்.

நான்காவது படி: திருகுகளைத் திருப்புங்கள்

பீட்டாவை 0.4-இலிருந்து 0.3 ஆக்குங்கள். தொடர்பில் கால்வாசி குறைகிறது. முகக்கவசமாக இருக்கலாம், வீட்டிலிருந்து வேலையாக இருக்கலாம், ஷேர் ஆட்டோவில் ஏற்றும் ஆட்களைக் குறைத்ததாகவும் இருக்கலாம். உச்சம் 16,000-இலிருந்து 6,500-க்கும் கீழே விழுகிறது. மொத்தத் தொற்று 80 சதவீதத்திலிருந்து 60-க்குக் கீழே வருகிறது. உச்ச நாள் 80-ஐத் தாண்டிப் போகிறது. கால்வாசியைக் குறைத்ததற்குப் பாதிக்கு மேல் லாபம். ஆஸ்பத்திரிப் படுக்கை நிரம்பி வழியுமா வழியாதா என்பதை முடிவுசெய்வது இந்த உச்சத்தின் உயரம்தான்.

பீட்டாவை மறுபடி 0.4 ஆக்கி, இப்போது காமாவைத் தொடுங்கள். ஒருவர் பரப்பும் காலத்தை 5 நாளிலிருந்து 4 நாளாக்கினால் காமா 0.25, ஆர்-நாட் 1.6. யாரும் வீட்டுக்குள் முடங்கவில்லை. காய்ச்சல் வந்தவரை ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தியதற்கே இவ்வளவு பலன். சென்னையில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டதும், வீடுவீடாக வந்து சளி இருக்கிறதா என்று கேட்டதும் இந்தத் திருகைத்தான் திருப்பின. ஊரடங்கு திருப்பியது பீட்டாவை. எனக்கு முகாம்கள்மேல்தான் மதிப்பு அதிகம். தினக்கூலிக்காரர் வயிற்றில் அடிக்காத திருகு அது.

இனி தேதி விவகாரம். பீட்டா 0.4, 0.38 இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். 10-ஆம் நாள் 62 பேர், 52 பேர். சோதனைகளின் எண்ணிக்கை ஒரு நாள் கூடக்குறைய இருந்தாலே இந்த வித்தியாசம் மறைந்துபோகும். ஆனால் இதே வேகத்தில் 40 நாள் ஓடவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம். ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரியாத பிழை, உச்சத்தின் தேதியை நாள்கணக்கில் நகர்த்திவிடுகிறது. போதாததற்கு, எண்களைப் பார்த்து ஜனங்கள் பயந்து வீட்டில் இருந்தால் பீட்டாவே மாறிவிடும். மழை பெய்யும் என்று அறிவித்தால் மழை தன் மனதை மாற்றிக்கொள்ளாது, மனிதர்கள் மாற்றிக்கொள்வார்கள்.

ஐந்தாவது படி: உண்மையான எண்களிலிருந்து வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

தினசரி எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் சோதனையைக் குறைக்கும், செவ்வாய்க்கிழமை சேர்த்துவைத்து ஏறும். ஏழு நாள் கூட்டுத்தொகையே நம்பகமானது. கற்பனையாக, போன வாரம் 140 பேர், இந்த வாரம் 290 பேர் என்று வைப்போம். 290-ஐ 140-ஆல் வகுத்து இயல் மடக்கை (ஷீட்டில் LN) எடுத்தால் 0.728. ஏழு நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 0.104. 2-இன் இயல் மடக்கையை, அதாவது 0.693-ஐ, இதனால் வகுத்தால் இரட்டிப்புக் காலம் சுமார் 6.7 நாள்.

இதை ஆர் எண்ணாக, அதாவது இப்போதைய நிலையில் ஒருவர் மொத்தத்தில் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பதாக மாற்ற, வேகத்தைப் பரப்பும் 5 நாளால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்: 1 + (0.104 × 5) = 1.52.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நம் ஷீட்டில் தொற்றியவர் அந்தக் கணமே பரப்பத் தொடங்குகிறார். நிஜத்தில் கிருமி உடலில் பெருக நாளாகும். அந்த மறைவுக்காலம் 3 நாள் என்றால், (1 + 0.104 × 3) × (1 + 0.104 × 5) என்று பெருக்கவேண்டும். விடை ஏறத்தாழ 2. அதே நோயாளி எண்ணிக்கை, அதே வேகம், ஒருவர் 1.5 என்பார், இன்னொருவர் 2 என்பார், இருவரும் பொய் சொல்லவில்லை. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் சிதப்ர சின்ஹா 2020-இல் மாநிலவாரியாக ஆர் எண்ணைக் கணக்கிட்டுச் சொல்லிவந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி எண்ணைப் பார்க்கும்போது தசமப் புள்ளிக்கு அப்புறம் இருப்பதில் மயங்காதீர்கள். ஒன்றுக்கு மேலா கீழா, போன வாரத்தைவிட ஏறியதா இறங்கியதா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

மறைவுக்காலத்தை ஷீட்டிலேயே சேர்க்க ஆசைப்பட்டால், தொற்றாதோருக்கும் தொற்றியோருக்கும் நடுவே ஒரு பத்தியைச் செருகுங்கள். புதிய தொற்று முதலில் அங்கே போகும். அதிலிருந்து நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு தொற்றியோருக்கு நகரும்.

ஆறாவது படி: சராசரியைச் சந்தேகியுங்கள்

ஆர்-நாட் 2 என்றதும் ஒவ்வொருவரும் ஆளுக்கு இரண்டு பேருக்குக் கொடுப்பதாகக் கற்பனை ஓடும். நிலவரம் அப்படியில்லை. தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டிலும் தொடர்பாளர்களைத் தேடிச் சேகரித்த தகவல்களை வைத்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. நோயாளிகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர், கண்டறியப்பட்ட தொடர்புகளில் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. 8 சதவீதம் பேர்தான் புதிய தொற்றில் 60 சதவீதத்துக்குக் காரணம்.

கோயம்பேடு இதற்குக் கண்ணெதிர் சாட்சி. காய்கறி லாரி வந்து இறங்கும் இடம், மூட்டை தூக்குபவர், கமிஷன் மண்டிக்காரர், சில்லறை வியாபாரி எல்லோரும் விடியற்காலையில் தோளோடு தோள் உரசும் இடம். ஊரடங்கில் ஊரே அடங்கியிருந்தபோது அங்கே மட்டும் பீட்டா வேறாக இருந்தது. 2020 மே 5-ஆம் தேதி சந்தை மூடப்படுவதற்குள் அங்கிருந்து திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று மாவட்டம் மாவட்டமாகத் தொற்று போய்விட்டது. பிறகு மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. லட்சம் பேருக்கும் ஒரே பீட்டா என்று போட்ட நம் ஷீட்டால் இதைக் காட்டவே முடியாது. மக்களை இரண்டு பிரிவாக்கி, அதிகம் பேரைச் சந்திப்போர் 10 சதவீதம், மற்றவர்கள் 90 சதவீதம் என்று தனித்தனிப் பத்திகள் போட்டால் ஓரளவு கிட்டே வரலாம். அதிகம் சந்திப்பவர்களுக்கு முதலில் தொற்றி முதலில் விலகிவிடுவதால், ஒரே பீட்டா போட்ட ஷீட் சொல்வதைவிட முன்னதாகவே அலை திரும்புவதையும் பார்க்கலாம்.

டெங்குவுக்கு இதே ஷீட்டைப் போடாதீர்கள். நடுவில் கொசு இருக்கிறது, அதற்குத் தனிப் பத்திகள் வேண்டும். அந்தக் கணக்குக்கு வழிகாட்டி ரொனால்ட் ராஸ். 1881-இல் சென்னை மாகாணப் பணியில் சேர்ந்தவர், 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். எல்லாக் கொசுவையும் ஒழிக்கவேண்டியதில்லை, ஒரு வரம்புக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானே தேயும் என்று கணக்கால் காட்டியவர் அவர். கொசு எண்ணிக்கையைப் பாதியாக்கினால் ஆர்-நாட் பாதியாகும். கொசு கடிப்பதைப் பாதியாக்கினாலோ கால்வாசியாகிவிடும். நோயாளியை ஒரு கடி, புதியவரை ஒரு கடி என்று கடி இரண்டு முறை வருகிறதல்லவா.

ஏழாவது படி: சென்னையின் முதல் அலையோடு ஒப்பிடுங்கள்

2020 ஜூலையில் சென்னையில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் 21.5 சதவீதம் பேருக்கு, ஏற்கெனவே தொற்றியதற்கு அடையாளமான எதிர்ப்பொருள் இருந்தது. அக்டோபரில் 32.3 சதவீதம். அந்தக் கிருமிக்கு ஆர்-நாட் 2.5 என்று வைத்தால்கூட, அலை திரும்பவே 60 சதவீதம் தொற்றியிருக்கவேண்டும். ஆனால் சென்னையின் முதல் அலை ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிட்டது. எதிர்ப்பொருள் நாளடைவில் குறையும், அதனால் உண்மை எண் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று வைத்தாலும் இடைவெளி பெரிது.

ஷீட்டில் இதைச் செய்து பாருங்கள். ஆர்-நாட் 2.5-க்கு பீட்டா 0.5. தொற்றாதோர் 80 சதவீதத்துக்கு வந்த வரிசையிலிருந்து பீட்டாவை 0.2 ஆக்குங்கள். அலை அங்கேயே திரும்பும். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத் தொற்றியதோடு ஓய்ந்ததுபோல் தெரியும். கொஞ்ச நாள் விட்டு பீட்டாவை மறுபடி 0.5 ஆக்குங்கள். என்ன ஆகும் என்று சொல்லவேண்டுமா? முதல் அலையை இறக்கியதில் ஜனங்களின் நடத்தைக்கும் ஜூன் 19-இல் தொடங்கிய கடும் ஊரடங்குக்கும் முகாம்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். தொற்றாதோர் பத்தி பெரிதாகவே மிச்சமிருந்தது. 2021-இல் கொரோனாவின் வேகமாகப் பரவும் டெல்டா வகை வந்தபோது, மே மாதத்தில் சென்னையின் ஒருநாள் எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டியதற்கு அந்தப் பத்தியும் ஒரு காரணம்.

வளைகோடு அழகாகப் பொருந்திவிட்டது என்று யாராவது காட்டினால் 1927 கட்டுரையையே நினைத்துக்கொள்ளுங்கள். 1905–06 பம்பாய் பிளேக் இறப்புகளோடு தங்கள் கோட்டை ஒப்பிட்டிருந்தார்கள் இருவரும்: 17-ஆம் வாரம், வாரத்துக்கு 890 இறப்பு என்று ஓர் உச்சம், இருபுறமும் கச்சிதம். ஆனால் அந்தப் பிளேக் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வந்தது, வருஷாவருஷம் அதே பருவத்தில் ஏறி இறங்கியது. ஆளிடமிருந்து ஆளுக்கு என்ற கணக்கு அதற்குப் பொருந்தவே கூடாது. மூன்று எண்களை இஷ்டப்படி திருப்ப அனுமதித்தால் எந்த மலை வடிவத்துக்கும் ஒரு கோடு கிடைத்துவிடும்.

எட்டாவது படி: முடிவைக் கணக்கிடுங்கள்

ஏறிய வேகத்தில் இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆர் 2 ஆக இருந்தபோது 3.8 நாளில் இரட்டித்தது. கட்டுப்பாடுகளால் ஆர் 0.8-க்கு வந்தால் பாதியாக 17 நாள் பிடிக்கும். 16,000-இலிருந்து 1,000-க்கு வர நான்கு முறை பாதியாகவேண்டும், 68 நாள். நான்கு முறை இரட்டித்து மேலே ஏற எடுத்ததோ சுமார் 15 நாள். "எண்தான் குறையுதே, திறந்துவிடலாமே" என்ற அவசரத்துக்கு ஷீட் தரும் பதில் இந்த 68.

கடைசி வரிசைகளில் தொற்றியோர் 3, 0.9, 0.4 என்று ஓடும். பூஜ்யமே வராது. 0.4 நோயாளி எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. பத்துப் பேருக்குக் கீழே போனதும் இந்த ஷீட்டை மூடிவிடுங்கள். அங்கே ஆட்சி செய்வது அதிர்ஷ்டம். ஆர்-நாட் 2 உள்ள நோயோடு ஒரே ஒருவர் ஊருக்குள் வந்தால்கூட, சுமார் பாதி வாய்ப்பில் அது யாரும் கவனிக்காமலே அணைந்துவிடும். பத்துப் பேர் வந்தால் அப்படி அணைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். எனவே கடைசியில் எண்ணவேண்டியது நாட்களை. எபோலாவுக்கு உலக சுகாதார நிறுவனம் 42 நாள் வைத்திருக்கிறது. கிருமி உடலில் தங்கி அறிகுறி காட்ட அதிகபட்சம் ஆகும் 21 நாளின் இரு மடங்கு அது. கடைசி நோயாளியின் சோதனை இரண்டாம் முறையும் தொற்றில்லை என்று வந்த பிறகு, அல்லது அவர் அடக்கம் செய்யப்பட்ட பிறகு, புதிதாக ஒருவர்கூட இல்லாமல் 42 நாள் ஓடினால்தான் முடிந்தது என்று அறிவிப்பார்கள். 41-ஆம் நாள் ஒருவர் வந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.